சாலையோரத்துக்குச் செடி வாங்கும் முன் இலையைப் பாருங்கள்

சாலையோரச் செடிகளை பூவின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். புகையோடும் தூசியோடும் போராடப்போவது இலைதான்.

என் முதல் தேர்வு அரளி. அதன் இலைத்துளைகள், அதாவது இலை மூச்சுவிடும் நுண்துளைகள், இலையின் அடிப்பக்கத்தில் சிறு குழிகளுக்குள், மயிரிழைகள் சூழ ஒளிந்திருக்கின்றன. தடித்த இலை, வறட்சி தாங்கும் வேர், கிளையை ஒட்ட வெட்டினாலும் மீண்டும் தழைக்கும் குணம் என எல்லாம் சாலை நடுத்திட்டுக்குப் பொருந்தும். ஆனால் வேர் முதல் பூ வரை அத்தனையும் விஷம். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் ஆடுமாடு மேயும் இடத்திலும் தயவுசெய்து வேண்டாம்; அங்கே காகிதப்பூ வையுங்கள். முள் இருப்பதால் நடைபாதையிலிருந்து சற்றுத் தள்ளி நட வேண்டும்.

ஒரு செடி மாசைத் தாங்குமா என்று அளக்க ஆய்வாளர்கள் இலையில் நான்கைப் பார்க்கிறார்கள்: வைட்டமின் சி, பச்சையம், இலைச்சாற்றின் அமில-காரத் தன்மை, நீர்ப்பிடிப்பு. நாற்றுப் பண்ணையில் இதை அளக்க முடியாது. அதே சாலையில் ஏற்கெனவே நிற்கும் செடிகளைக் கவனியுங்கள். கோடை முடிவிலும் நுனி கருகாமல் தழைத்து நிற்பவற்றை நம்பி நடலாம்.

சொரசொரப்பான, மயிருள்ள இலைகள் தூசியை நன்றாகப் பிடிக்கும். மழையில்லாத மாதங்களில் அவற்றின் மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். உயரமான கட்டடங்கள் நெருங்கிய குறுகலான தெருவில் அடர்ந்த மரங்கள் புகையைக் கீழேயே தேக்கிவிடும். தாழ்வான புதர்வேலியே நல்லது. சந்திப்புகளிலும் ஓட்டுநரின் பார்வையை மறைக்காத உயரத்தில் அதை வெட்டி வையுங்கள்.