கோழி றெக்கைக்குள் ஒரு கை: எலும்பைப் பிரித்து ஒப்பிடும் முறை

கறிக்கடையில் றெக்கை கேட்டால் பெரும்பாலும் நுனியை வெட்டிவிட்டுத்தான் தருவார்கள். றெக்கையின் எலும்புகளை நம் கை எலும்புகளோடு ஒப்பிட, நமக்கு வேண்டியதே அந்த நுனிதான். தோளிலிருந்து முழுசாக வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முற்றின நாட்டுக்கோழியில் ஒன்று, பிராய்லரில் ஒன்று என இரண்டு றெக்கை வாங்குங்கள்.

வேகவைக்குமுன் முழங்கையை மடக்கிப் பாருங்கள், மணிக்கட்டும் தானாகவே மடங்கும். பச்சைக் கறியைத் தொட்ட கையையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில், மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுச் சிறுதீயில் வேகவிடுங்கள். பிராய்லருக்கு முக்கால் மணி நேரம் போதும், நாட்டுக்கோழிக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். குக்கர் வேண்டாம், எலும்பு உதிரும். சதையைக் கையாலும் பழைய டூத் பிரஷாலும் எடுங்கள். மணிக்கட்டை மட்டும் வெள்ளைத் தட்டின் மேல் வைத்துப் பிரிக்க வேண்டும். அங்குள்ள இரண்டு குட்டி எலும்புகள்தான் எப்போதும் சதையோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறவை.

கொழுப்பு போக, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறட்டும். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் (வாயு வெளியேறும், மூடியை இறுக்காதீர்கள்). பிளீச்சிங் பவுடர் எலும்பையே அரித்துவிடும்.

இனி தோளிலிருந்து நுனி வரை வரிசையாக அடுக்குங்கள். மேற்கையில் ஹியூமரஸ் ஒன்று. முன்கையில் ரேடியஸ், அல்னா என இரண்டு. மணிக்கட்டில் இரண்டு. அடுத்து பல எலும்புகள் ஒன்றாக ஒட்டிய, நடுவில் இடைவெளியுள்ள எலும்பு, அதிலிருந்து மூன்று விரல்கள். உங்கள் கையிலும் இதே வரிசைதான். எண்ணிக்கைதான் வேறு: மணிக்கட்டில் எட்டு எலும்பு, விரல் ஐந்து.

பலரும் தவறுவது முன்கையில்தான். பருமனைப் பார்த்துப் பொருத்துவார்கள். கோழிக்கு அல்னாதான் தடிமன், ஏனென்றால் முன்கையின் பெரிய இறகுகள் அதில்தான் ஊன்றுகின்றன. பருமனை விடுங்கள், எது எதோடு சேர்கிறது என்று பாருங்கள். முழங்கை முனையைத் தருவது அல்னா. றெக்கையின் முன்விளிம்பில் உள்ள சிறிய விரலின் பக்கம் போவது ரேடியஸ். உங்கள் முழங்கையில் இடிபடும் கூர்முனையும் அல்னாவே. (கோழியின் மூன்று விரல்கள், கட்டைவிரலை 1 என்று எண்ணினால், நம் 1, 2, 3-ஆ அல்லது 2, 3, 4-ஆ என்பது கருவியலாளருக்கும் புதைபடிவ ஆய்வாளருக்கும் இடையிலான பழைய வழக்கு. நீங்கள் எண் போடாமல் விடுவது நல்லது.)

இப்போது பிராய்லரை எடுங்கள். ஆறேழு வாரக் குஞ்சு என்பதால் அந்த ஒட்டிய எலும்பு துண்டு துண்டாகக் கழன்றிருக்கும். வேகவைத்ததில் பிழை என்று தூக்கிப் போடாதீர்கள், பார்க்க வேண்டியதே இதுதான். கடைசியில் ஒன்றாகப் போகிற எலும்பு ஏன் தனித்தனியாகத் தொடங்க வேண்டும்? விரல்கள் தனித்தனியாக இருந்த மூதாதையின் கையைத் திருத்தித்தான் றெக்கை உருவானது என்றால் இதற்கு விடை கிடைக்கிறது. ஒரே உறுப்பு வெவ்வேறு உயிர்களில் வெவ்வேறு வடிவில் இருக்கும் இப்படிப்பட்ட ஒப்புமையை ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1843-லேயே வரையறுத்தார். காரணம் பொது மூதாதை என்று டார்வின் 1859-இல் விளக்கினார்.

இந்த ஒப்பீட்டில் வௌவாலைச் சேர்க்கும்போது கவனம். கோழியின் றெக்கையும் வௌவாலின் றெக்கையும் கை என்ற வகையில் அமைப்பொத்த உறுப்புகள், அதாவது ஒரே மூதாதையின் கையிலிருந்து வந்தவை. பறக்கும் கருவி என்ற வகையில் அப்படி இல்லை: வௌவாலுக்கு நீண்ட விரல்களிடையே தோல், கோழிக்கு இறகு, இரண்டும் தனித்தனியே வந்தவை. வண்ணத்துப்பூச்சியின் சிறகில் எலும்பே கிடையாது, அதனால் அது இந்த ஒப்பீட்டில் சேராது.