நான்கு டிராக்கில் உங்கள் முதல் சிப்டியூன்

1983-இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியில் இருந்த ஒலிச் சிப்புக்கு இரண்டு பல்ஸ் அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், குட்டி சாம்பிள்களுக்கு ஒரு சேனல், அவ்வளவுதான். ஒவ்வொரு சேனலிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம். இப்படிப்பட்ட பழைய கேம் சிப்புகளின் ஒலியில் அமையும் இசைதான் சிப்டியூன். அதன் அழகெல்லாம் இந்த நெருக்கடியில் பிறந்தது. இன்று பிளக்இன், அதாவது இசை மென்பொருளுக்குள் சேர்க்கும் சிறு மென்பொருள், அந்தச் சத்தத்தைத் தந்துவிடும். நெருக்கடியை நாமேதான் விதித்துக்கொள்ள வேண்டும்.

1. தயாரிப்பு

ரீப்பர் என்ற இசை மென்பொருளை 60 நாள் இலவசமாக முயன்று பார்க்கலாம். மேக் வைத்திருந்தால் காரேஜ்பேண்டே போதும். அப்புறம் ஒய்எம்சிகே என்ற ஜப்பானியச் சிப்டியூன் குழு இலவசமாகத் தரும் மேஜிக்கல் 8பிட் பிளக் 2 என்ற பிளக்இன் வேண்டும். டெம்போவை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகத்தை, 150-இல் வையுங்கள். நான்கு டிராக் திறந்து, நான்கிலும் இதே பிளக்இன்னைப் போடுங்கள். சாம்பிள் சேனல் இப்போதைக்கு வேண்டாம்.

2. மெட்டு

முதல் டிராக்கில் 25% பல்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் அலை எவ்வளவு பங்கு நேரம் மேலே இருக்கிறது என்பதே இந்தச் சதவீதம். 12.5% மூக்கால் பாடுவதுபோல மெலிந்து ஒலிக்கும், 50% உருண்டு திரண்டு வரும். அட்டாக்கை (சுரம் முழு ஒலியை எட்ட எடுக்கும் நேரம்) பூஜ்யமாக்கி, எளிமையான எட்டு பார் (பார் என்பது நான்கு அடி) மெட்டு எழுதுங்கள். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது.

3. பேஸ்

இரண்டாவது டிராக்கில் முக்கோண அலை. அசல் சிப்பில், நாம் எடுத்துக்கொண்ட நான்கில், இதற்கு மட்டும் ஒலி அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒலிக்கும், இல்லாவிட்டால் நிற்கும். ஆகவே சஸ்டெய்னை (சுரம் நீடிக்கும்போது இருக்கும் ஒலி அளவு) முழுதாக வைத்து, ரிலீஸை (சுரம் முடிந்தபின் ஒலி அடங்க எடுக்கும் நேரம்) பூஜ்யமாக்குங்கள். சுரத்தைச் சற்று முன்பே வெட்டி, நடுவே இடைவெளி விடுங்கள். தாளத்தின் துள்ளல் அந்த இடைவெளியிலிருந்துதான் வரும்.

4. ஆர்பெஜியோ

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு சேனலில் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டை எப்படி வாசிப்பது? சுரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்க வேண்டும். அதுதான் ஆர்பெஜியோ. அந்தக் காலக் கருவிகளில் பாட்டு நிரல் பொதுவாகத் திரையின் ஃபிரேமோடு சேர்ந்து, நொடிக்குச் சுமார் 60 முறை ஓடியது. 150 டெம்போவில் 1/32 சுரம் (ஓர் அடியில் எட்டில் ஒரு பங்கு) என்பது சரியாக மூன்று ஃபிரேம், அதாவது 0.05 நொடி.

மூன்றாவது டிராக்கில் 12.5% பல்ஸை எடுத்து, பியானோ ரோலின் (சுரங்களை வரையும் திரை) கட்டத்தை 1/32-க்கு மாற்றி, சி, ஈ, ஜி என்று திரும்பத் திரும்ப வரையுங்கள். தனித்தனிச் சுரங்கள் கலந்து, நடுங்கும் ஒரே கார்டாகக் கேட்கும். சிப்டியூனை உடனே அடையாளம் காட்டும் ஒலி இதுதான். மெட்டை அமுக்கிவிடாதபடி ஒலியைப் பாதியாகக் குறையுங்கள்.

மெட்டு ஓய்வெடுக்கும் இடங்களில் ஆர்பெஜியோவை நிறுத்திவிட்டு, மெட்டின் கடைசிச் சுரங்களை இதே டிராக்கில் சற்றுத் தாமதமாக, மெல்லிய ஒலியில் திரும்ப வாசித்தால் எதிரொலி கிடைக்கும்.

5. டிரம்ஸ்

நான்காவது டிராக்கில் இரைச்சல். தாழ்ந்த சுரம் கிக்குக்கு, நடுச்சுரம் ஸ்னேருக்கு, உயர்ந்த சுரம் ஹைஹேட்டுக்கு. சஸ்டெய்ன் பூஜ்யம், டிகே (ஒலி உச்சத்திலிருந்து இறங்க எடுக்கும் நேரம்) 0.1 நொடிக்குள். ஸ்னேர் 2, 4 ஆம் அடிகளில் விழட்டும்.

ரிவெர்ப் (அறையில் ஒலிப்பது போன்ற முழக்கம்) தயவுசெய்து வேண்டாம், சுரங்களின் கூர்மை போய்விடும். ஃபேமிகாம் மோனோவில் ஒலித்தது, அதனால் நான்கு டிராக்கையும் நடுவிலேயே வைத்து வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.