யூ-பூட் தொடக்கக் கட்டத்தில் நினைவகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் எழுதும் யூ-பூட் (போர்டில் இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர்) நிரலைச் சரிபார்க்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு கண்ணில் படுகிறது. கம்பைலர் கண்டுபிடித்துச் சொல்லும் பிழைகளை விட்டுவிடுகிறேன். இதை அது சொல்லாது.

இடமாற்றத்துக்கு முன் ஸ்டேட்டிக் மாறி

யூ-பூட் முதலில் டிராமின் (முதன்மை நினைவகத்தின்) அளவைக் கண்டறிந்து, பிறகு தன்னையே டிராமின் மேல்பகுதிக்கு நகர்த்திக்கொள்கிறது (இதுவே இடமாற்றம்), தொடக்க மதிப்பில்லாத மாறிகள் இருக்கும் பி.எஸ்.எஸ் பகுதி பூஜ்யமாக்கப்படுவது அதற்கும் பிறகுதான். நான் டிராமைத் தொடங்கும் செயற்கூற்றிலேயே, நினைவக வகையைக் குறித்துவைக்க ஒரு ஸ்டேட்டிக் மாறியை அறிவித்தேன். அதற்குப் பூஜ்யம் என்று தொடக்க மதிப்புக் கொடுத்திருந்தாலும் ஜிசிசி கம்பைலர் அதை பி.எஸ்.எஸ்ஸில்தான் வைக்கும். எந்தப் பகுதி எந்த முகவரியில் அமையும் என வகுக்கும் 32-பிட் ஆர்ம் லிங்கர் ஸ்கிரிப்டிலோ, பி.எஸ்.எஸ்ஸும், நகர்ந்த பின் திருத்த வேண்டிய இடங்களைப் பட்டியலிடும் இடமாற்ற அட்டவணையும் ஒரே முகவரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன.

அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 8 பைட்: முதல் 4 பைட்டில் திருத்த வேண்டிய இடத்தின் முகவரி, அடுத்த 4 பைட்டில் திருத்தத்தின் வகையைக் குறிக்கும் எண் 23. என் மாறி அந்த 23-ஐ அழித்ததால் இடமாற்ற நிரல் அப்பதிவைத் தாண்டிச் சென்றது. ஒரே ஒரு சுட்டி பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தது. பழைய பிரதி டிராமில் கலையாமல் இருந்ததால் போர்டு கட்டளை வரிவரை ஒழுங்காக வந்தது. பெரிய கோப்பொன்றை அந்த இடத்தின்மேல் ஏற்றியபோதுதான் நின்றுபோனது. ஒரு பிரிண்ட்எஃப் சேர்த்தால் அட்டவணை சற்று நகர்ந்து, கோளாறு மறைந்ததுபோல் தோன்றியது. டிராமின் டிடிஆர் டைமிங்கைச் சந்தேகித்து ஒன்றரை வாரம் வீணடித்த பிறகே, மாறிகளின் முகவரிகளைக் காட்டும் மேப் கோப்பைத் திறந்தேன். மாறியின் முகவரி அட்டவணையின் நடுவே கிடந்தது. இந்தக் கட்டத்தில் பி.எஸ்.எஸ் கிடையாது என்று யூ-பூட்டின் ஆவணமே சொல்கிறது என்பதால், இத்தவறைக் காணும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

மதிப்பு பின்னரும் தேவையெனில், இடமாற்றத்துக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் யூ-பூட்டின் குளோபல் டேட்டா அமைப்பில் வையுங்கள். 32-பிட் ஆர்மில் அதன் முகவரி ஆர்9 ரெஜிஸ்டரில் எப்போதும் இருக்கும். மாறியை, தொடக்க மதிப்புள்ள மாறிகள் இருக்கும் டேட்டா பகுதிக்குத் தள்ளும் வழியும் உண்டு. ஆனால் நார் ஃபிளாஷிலிருந்தே நேரடியாக ஓடும் போர்டில் அங்கே எழுத முடியாது. போர்டு கோப்பின் ஆப்ஜெக்டை, அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பி.எஸ்.எஸ் மாறிகள் ‘பி’ என்ற எழுத்துடன் தனியே தெரியும்.

ஸ்டாக்கில் பெரிய அணி

டிராம் உயிர்பெறும்வரை எஸ்பிஎல்லுக்கு (யூ-பூட்டை ஏற்றும் சிறு முதல்கட்ட நிரல்) இருப்பது சிப்பின் உள் நினைவகமான எஸ்ராம் மட்டுமே. ஸ்டாக்கும் அதற்குள்தான் என்பதால், அங்கே 4 கே.பி. அணியை அறிவிக்காதீர்கள்.

தொடக்கக் கட்ட மாலாக்

இடமாற்றத்துக்கு முன், மாலாக் மூலம் பெற்ற இடத்தை விடுவிக்க ஃப்ரீ அழைத்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது.