ஆலப்புழை படகுவீடா? பகல் வாடகைக்கு எடுங்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கமிருந்து விடுமுறைக்கு ஆலப்புழை போகிறவர்கள் படகுவீட்டை இரவு தங்கலோடு எடுக்காமல் பகல் பயணத்துக்கு மட்டும் பேசி எடுங்கள், ராத்திரிக்குக் கரையில் ஒரு சாதாரண அறை போதும்.

இரவு வாடகைப் படகு பொதுவாக மதியம் 12 மணி வாக்கில் கிளம்பும், சாப்பாட்டுக்குக் கரையோரம் ஒரு மணி நேரம் நிற்கும், மாலை 5.30 வாக்கில் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் வேம்பநாட்டு ஏரியில் மீனவர்கள் வலை விரிக்கிற நேரம், வலை மேல் படகு ஏறினால் எவ்வளவு நஷ்டம் என்று நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காலையில் சின்னதாக ஒரு சுற்று, 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். பகல் படகும் பெரும்பாலும் இதே பகல் நேரத்தில்தான் ஓடும். ஆக, படகு ஓடுகிற நேரம் பகல் வாடகைக்கும் இரவு வாடகைக்கும் பெரிய வித்தியாசமில்லை, கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் கட்டிப்போட்ட படகில் படுப்பதற்குப் போகிறது. முன்பணம் கொடுக்கும் முன்பே, படகு எத்தனை மணி நேரம் ஓடும், சாப்பாட்டுக்கு நிற்பதும் அதில் சேருமா என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

தண்ணீர் மேலேயே தூங்கி விடியலைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கில்லை. கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வந்து, மூட்டை முடிச்சோடு அறை மாறுவது சிரமம் என்றாலும் இரவுப் படகே சரி. பெரிய குடும்பமாகப் போனால் கரையில் எடுக்கும் அறைகளின் வாடகையையும் கூட்டிப் பாருங்கள், சில சமயம் மிச்சம் ஒன்றும் நிற்காது.