புக் படிச்சிட்டு ‘நல்லா இருக்கு’ன்னு மட்டும் சொல்லாதீங்க: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க தாமான், அதாவது எங்க வீடமைப்புப் பகுதி, முனையில ஒரு ஒட்டுக்கடை இருக்கு, சாயங்காலம் ஆனா தே தாரே, அதாங்க இழுத்து ஆத்தின டீ, குடிக்க நாலு பேரு உக்காருவோம், அதுல மூணு பேரு புக் படிக்கறவங்க. ஒரு புக்க முடிச்சவங்க அன்னைக்கு அத பத்தி பேசணும், அதான் பழக்கம். அஞ்சாறு வருஷமா இப்படி பேசிப் பேசி எனக்கு ஒண்ணு நல்லா புரிஞ்சிருச்சு, ஒரு புக்க அடுத்தவங்க கையில எடுக்கறதும் எடுக்காம விடறதும் நாம அத எப்படி சொல்றோம்ங்கறதுல தான் இருக்கு. அருமையான புக்க கூட தப்பா சொல்லி யாரும் தொடாதபடி பண்ணிடுறோம், இத நெறைய பாத்துட்டேன், மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

மொதல்ல இந்த ‘நல்லா இருக்கு’. எதிர்ல இருக்கறவருக்கு இதுல ஒண்ணுமே கெடைக்கல. பொன்னியின் செல்வன் எப்படின்னு ஒரு தம்பி கேட்டாரு, பக்கத்துல இருந்த அண்ணன் ‘செம்ம புக்கு, கட்டாயம் படி’ன்னாரு, தம்பி தலையாட்டிட்டு போனை பாக்க ஆரம்பிச்சிட்டாரு. நான் சொன்னேன், ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன்னு ஒருத்தன் குதிரையில வீரநாராயண ஏரிக்கரை மேல போறான், அவனுக்கு வாய் சும்மாவே இருக்காது, போற எடத்துல எல்லாம் எதையாவது பேசி வம்புல மாட்டிக்குவான், அப்புறம் அதே வாயால தப்பிச்சும் வருவான், அவன் பின்னாடியே போனா ஒரு ராஜாங்கத்தோட உள்வீட்டு சண்டை எல்லாம் தெரிய வரும்னு. தம்பி மறுவாரம் மொத பாகத்தோட வந்து நின்னாரு. ஒரு ஆளை, ஒரு எடத்தை காட்டினா போதும்.

அதே புக்க பத்தி இன்னொரு தப்பும் அடிக்கடி காதுல விழுது, ‘இழுவை’ன்னு. லீவு போட்டு அஞ்சு பாகத்தையும் ஒரே மூச்சுல படிச்சிட்டு இழுக்குதுன்னா எப்படிங்க? அது 1950லேருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில வாராவாரம் தொடரா வந்தது. போன வாரம் என்ன நடந்துச்சுன்னு வாசகருக்கு ஞாபகப்படுத்தணும், அடுத்த வாரம் வரைக்கும் தூங்க விடாம ஒரு முடிச்சும் போடணும், அதனால தான் சொன்னதே திரும்ப வரும், ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவை தட்டற எடத்துல போய் நிக்கும். நான் எங்க அம்மாவுக்கு ராத்திரிக்கு ஒரு அத்தியாயம்னு சத்தமா படிச்சு காட்டறேன், அவங்களுக்கு கண்ணு இப்ப சரியா தெரியல. ஒரு நாள் கூட இழுவைன்னு சொன்னதில்ல. ‘இந்தப் பய ஒருத்தன்கிட்டயாச்சும் வாய மூடிக்கிட்டு இருந்தானா பாரு’ன்னு வந்தியத்தேவனை திட்டுவாங்க, மறுநாள் சோறு போடும்போதே ‘அவன் என்ன ஆனான்’னு கேப்பாங்க.

முழுக்கதையும் சொல்லிடறது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். முன்னுரைய மொதல்ல படிக்கறதும் பல நேரம் அதே தப்பு தான், சில முன்னுரைங்க கடைசி அத்தியாயத்தையே தூக்கி வாசல்ல வெச்சிருக்கும். கதைய முடிச்சிட்டு வந்து படிங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வரேன். ரப்பர் தோட்டத்து கதைங்கள பத்தி பேசும்போது நம்ம ஆளுங்க ரெண்டு விதமா தப்பு பண்றாங்க. எங்க அம்மா முப்பது வருஷம் பால் மரம் சீவினவங்க. ஒரு நாவலை அவங்களுக்கு படிச்சிக்கிட்டு இருந்தேன், பேரு வேணாம், அதுல மத்தியானம் நல்ல மழை, சாயங்காலம் வெயில் சாயற நேரத்துல கதாநாயகி வாளிய தூக்கிக்கிட்டு பால் எடுக்க போறா, அங்க அவன் காத்துக்கிட்டு இருக்கான். அம்மா கைய காட்டி நிறுத்தினாங்க. ‘மழை பேஞ்சு பட்டை நனைஞ்சு கெடக்கு, பால் வடியற மங்குல இருந்தது தண்ணியோட போயிருக்கும், இவ எதை எடுக்க போறா? சாயங்காலம் யாரு காட்டுக்கு போவா?’ன்னு கேட்டாங்க. அப்புறம் சாப்பாட்டு மேஜை மேல வெரலால கோடு போட்டு காட்டினாங்க, இடது கைப்பக்கம் மேலேருந்து வலது பக்கம் கீழ சாஞ்சு வரணும், பட்டை மட்டும் மெல்லிசா வரணும், உள்ள மரத்துல காயம் பட்டுச்சுன்னா அந்த எடம் முண்டும் முடிச்சுமா போயிடும், அப்புறம் சீவ முடியாது. விடியறதுக்கு முன்னாடியே போறது எதுக்குன்னா குளிர்ச்சியில தான் பால் நல்லா ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் கொறஞ்சு நின்னுடும். இத்தனையும் அந்த ஒரு பக்கத்துக்கு அவங்க சொன்ன விமர்சனம்.

நான் அத கடையில சொன்னப்ப ஒருத்தர், பெரிய எழுத்தாளர், நாம போய் குத்தம் சொல்லலாமான்னாரு. தாராளமா சொல்லலாம். தொழில் தெரிஞ்சவங்க சொல்லாம யாரு சொல்றது? மரியாதைன்னு நெனச்சு வாய மூடிக்கிறது தான் மொத தப்பு. இன்னொருத்தர் ஒரேடியா ‘அப்ப அந்த புக்க தூக்கி குப்பையில போடு’ன்னுட்டாரு, அது ரெண்டாவது தப்பு. ஏன்னா அதே நாவல்ல பெரட்டு காட்சி ஒண்ணு வரும், அதாவது வேலைக்கு முன்னாடி ஆள் கணக்கெடுக்கறது, இருட்டுல குளிர்ல பொம்பளைங்க தலையில துணிய கட்டிக்கிட்டு வரிசையா நிப்பாங்க, கங்காணி பேரு கூப்பிடுவாரு, ஒரு பேருக்கு மட்டும் பதில் வராது. அத படிச்சப்ப அம்மா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு ‘ஆமா, இப்படித்தான் இருக்கும்’னாங்க. ஒரே புக்குல பொய்யும் இருந்துச்சு, உண்மையும் இருந்துச்சு, பேசறவங்க ரெண்டையும் சொல்லணும்.

தோட்டம்னு ஒரு வார்த்தைய பாத்தவுடனே நம்ம ஊரு கதைன்னு நெனச்சிக்கறதும் நடக்குது. புதுமைப்பித்தனோட துன்பக்கேணிய ஒருத்தங்க ரப்பர் மரம் படம் போட்டு, நம்ம தாத்தா பாட்டி கதைன்னு குரூப்ல அனுப்பியிருந்தாங்க. அது இலங்கைத் தேயிலைத் தோட்டத்து கதைங்க. அங்க கொழுந்து பறிப்பு, மலை, இங்க பால், சமவெளி, வேலையே வேற. வேதனை ஒண்ணு போல இருக்கலாம், ஆனா எந்த மண்ணுன்னு சொல்லாம விட்டா அந்த மக்களுக்கும் நியாயம் இல்ல, நம்ம மக்களுக்கும் இல்ல.

சோகமான புக்கா இருந்தா ‘அழ வெச்சிருச்சு’ன்னு ஒரு வரியோட முடிச்சிடுவோம். ஆர். சண்முகம் எழுதின சயாம் மரண ரயில் நாவலை அப்படி சொல்லி முடிச்சிடாதீங்க. 1942லயும் 1943லயும் ஜப்பான்காரன் சயாமுக்கும், அதாவது இப்ப தாய்லாந்துக்கும், பர்மாவுக்கும் நடுவுல போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையோட கதை அது. வெளி உலகத்துக்கு தெரிஞ்சதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்கார போர்க்கைதிங்க பட்ட பாடு, அவங்க 60,000 பேருக்கு மேல, ஆனா அவங்கள விட ரொம்ப அதிகமா ஆசியத் தொழிலாளிங்க அங்க கொண்டு போகப்பட்டாங்க, அதுல மலாயா தோட்டங்கள்லேருந்து போன தமிழவங்க ஏராளம். எங்க தாத்தாவோட அண்ணன் அதுல போனவரு, திரும்பி வரல. இந்த புக்க பத்தி பேசும்போது இதையும் சேத்து சொல்லுங்க, கேக்கறவங்க வீட்டுலயும் அப்படி ஒரு பேரு இருக்கும், அன்னைக்கே போய் பெரியவங்க கிட்ட கேப்பாங்க.

படிக்காததை படிச்சேன்னு சொல்றதும் வேணாம். பாதியில நிறுத்தினா எங்க நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம்னு சொல்லுங்க, அதுவே அடுத்தவங்களுக்கு உதவும். ப. சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணிய எங்க கடையிலேயே ரெண்டு பேரு ஐம்பது பக்கத்துல வெச்சிட்டாங்க, குழப்புதுன்னு. குழப்பத்தான் செய்யும். இந்தோனேசியாவுல இருக்கற மேடான் நகரத்துக்குள்ள ஜப்பான் படை நுழையறதுல ஆரம்பிக்கும், கதை ஓடிக்கிட்டே இருக்கும்போது சொல்லாம கொள்ளாம மதுரைப் பக்கம் போய் நிக்கும், நெனப்பு எப்படி தாவுமோ அப்படியே. எழுதினவரு மேடான்ல வேல பாத்தவரு, புக் அச்சுல வந்தது 1972ல. நடுவுல வர்ற மலாய் வார்த்தைங்க தமிழ்நாட்டு வாசகருக்கு முட்டும், நமக்கு அது பசார்ல தெனம் பேசற பேச்சு. நம்மள மாதிரி ஆளுங்க அத வெச்சிட்டா வேற யாரு படிக்கறது? ரெண்டு பேர்ல ஒருத்தங்க, அக்கா, நான் இத சொன்ன பெறகு திரும்ப எடுத்திருக்காங்க. நேத்து கடைக்கு வந்தவங்க தே கூட சொல்லாம உக்காந்து, ‘பினாங்கு வந்திருச்சு தம்பி’ன்னாங்க.