வீட்டுச் சுவருக்குப் படம் தேர்ந்தெடுப்பது எப்படி? அளவில் தொடங்கி ஆணி வரை

ஆசையாக வாங்கிய படம் சுவரில் ஏறியதும் எடுபடாமல் போனால், பழியெல்லாம் படத்தின் மேல்தான் விழுகிறது. படத்தைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: சுவரின் அகலத்துக்குப் படம் மிகச் சிறியதாக இருக்கும், இல்லையென்றால் ஓர் அடி மேலே தூக்கி மாட்டியிருப்பார்கள். இரண்டையும் ஒரு டேப்பை வைத்தே சரிசெய்துவிடலாம். அதனால் இங்கே சுவர் முதலில், அளவு அடுத்தது, படம் அதற்குப் பிறகு.

கையில் இருக்க வேண்டியவை: அளக்கும் டேப், பென்சில், பழைய செய்தித்தாள், மாஸ்கிங் டேப், ரசமட்டம். ரசமட்டம் இல்லாவிட்டால் செல்போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதி போதும். டிரில் கடைசியில்தான் தேவைப்படும்.

படி 1: எந்தச் சுவர்?

எல்லாச் சுவரிலும் எதையாவது மாட்ட வேண்டியதில்லை. வாசலில் நுழைந்ததும் கண் முதலில் போகும் சுவர் ஒன்று, உட்காரும் இடத்துக்கு எதிர்ச்சுவர் ஒன்று என்று தொடங்குங்கள். பக்கத்துச் சுவர் வெறுமையாக இருந்தால்தான் இவை தெரியும்.

தேர்ந்தெடுத்த சுவரைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பாருங்கள். நேர்வெயில் விழும் இடத்தில் புகைப்படமும் நீர்வண்ண ஓவியமும் வெளுத்துப்போகும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சாயத்தைச் சிதைப்பதுதான் காரணம். அங்கே கண்ணாடிக்குப் பதில் புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டாலும் வெளுப்பது தாமதமாகுமே தவிர நிற்காது. மரச்சிற்பமோ உலோக வேலைப்பாடோ மாட்டுவது மேல்.

குளியலறையை ஒட்டிய சுவர், மழை அடிக்கும் வெளிச்சுவர் இரண்டிலும் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்திருந்தாலோ, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ அங்கே காகிதம் எதையும் மாட்டாதீர்கள். படத்தின் பின்பக்கம் பூஞ்சை பிடித்து, முன்பக்கம் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அடுப்புக்கு மேலேயும் வேண்டாம். எண்ணெய்ப் புகை பிரேமின் இடுக்குக்குள்ளும் போய்விடும்.

படி 2: எவ்வளவு பெரிய படம்?

கணக்கு எளிது. சோபா, கட்டில், மேசை என எதற்கு மேல் மாட்டப்போகிறீர்களோ அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை படத்தின் அகலம் இருக்கலாம். 180 செ.மீ. சோபாவுக்கு 120 முதல் 135 செ.மீ. இது பிரேமையும் சேர்த்த அளவு.

அவ்வளவு பெரிய ஒற்றைப் படம் கிடைப்பது கடினம் என்றால் பிரித்துக்கொள்ளுங்கள். 58 செ.மீ. அகலப் படங்கள் இரண்டு, நடுவில் 6 செ.மீ. இடைவெளி: மொத்தம் 122. அல்லது 38 செ.மீ. படங்கள் மூன்று, இரண்டு இடைவெளிகள்: மொத்தம் 126. கண் இவற்றை ஒரே படமாகத்தான் எடுத்துக்கொள்ளும். இடைவெளி 10 செ.மீ. தாண்டினால் அந்தப் பிடிப்பு விட்டுப்போகும். தனித்தனியாக மிதப்பதுபோல் தோன்றும்.

கீழே எந்தப் பொருளும் இல்லாத வெற்றுச் சுவரென்றால், சுவரின் அகலத்தில் பாதிக்கு மேல், முக்கால் பாகத்துக்குள். இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருக்கும் ஒடுக்கமான துண்டுச் சுவருக்கு நெடுக்குப் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டலாம்.

படி 3: செய்தித்தாள் ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். முடிவு செய்த அளவில் செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். நின்று பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், கதவைத் திறந்து இடிக்கிறதா என்று பாருங்கள். சோபாவில் சாயும்போது தலை தட்டினால் இப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலோர் இந்த ஒத்திகையில்தான் 'இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும்' என்று உணர்கிறார்கள்.

படி 4: இப்போது படம்

அறையில் ஏற்கெனவே உள்ள நிறங்களில் ஒன்றிரண்டு படத்தில் எங்கேயாவது இருந்தால் போதும். திரைச்சீலையின் நிறமும் படத்தின் நிறமும் அச்சாகப் பொருந்த வேண்டும் என்று தேடினால் அறை விடுதி அறைபோல் ஆகிவிடும். நிறத்தைவிட முக்கியம் வெளிர்-அடர் வேறுபாடு. வெளிர் சுவரில் வெளிர் படம், அதற்கு வெள்ளை பிரேம் என்றால் தூரத்திலிருந்து எதுவும் தெரியாது. செல்போனில் அந்தச் சுவரையும் படத்தையும் சேர்த்துக் கறுப்பு-வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதில் படம் சுவரோடு கரைந்துபோனால் நேரிலும் கரையும்.

பார்க்கும் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். நடைபாதையில் அரை மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதால் நுணுக்கமான கோட்டோவியம், பழைய வரைபடம், சின்னப் புகைப்படங்கள் அங்கே பொருந்தும். கூடத்தில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்கிறோம். அங்கே பெரிய உருவமும் தெளிவான வடிவங்களும் வேண்டும்.

சொந்தப் புகைப்படத்தை அச்சிடுவதாக இருந்தால் பிக்சல் கணக்கு அவசியம். 4000 × 3000 பிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் சுமார் 34 × 25 செ.மீ. வரும். கூடத்தில் தள்ளி நின்று பார்க்க 150 போதும். அப்போது 68 × 51 செ.மீ. வரை போகலாம். பிறர் வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கி வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நீளப் பக்கம் 1600 பிக்சல்தான் என்றால் 27 செ.மீ.க்கு மேல் போகும்போதே மங்கத் தொடங்கும். எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பொறி: செல்போன் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதம், ஏ3 தாள் அதைவிட ஒடுக்கமானது. ஏ3 நிறைய அச்சிட்டால் படத்தின் குறுகிய பக்கத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. வெட்டுப்படும். நெடுக்காக எடுத்த குழுப் புகைப்படத்தில் ஓரத்தில் நிற்பவரின் தோள் போய்விடும். அச்சிடும் முன் நீங்களே வெட்டிப் பார்த்துவிடுங்கள்.

படம் மட்டும்தான் என்றில்லை. நெய்த துணி, கூடை, பீங்கான் தட்டு, மரச்செதுக்கு எல்லாம் சுவருக்கு வரலாம். துணி எதிரொலியையும் சற்றுக் குறைக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டுவதானால் அதில் எது பிரதிபலிக்கும் என்பதை முதலில் பாருங்கள். சன்னல் தெரிந்தால் அறை வெளிச்சமாகும். செருப்பு அலமாரி தெரிந்தால் அதுவே இரண்டாகத் தெரியும். அடிக்கடி படம் மாற்றும் ஆசை உள்ளவர்கள் 10 செ.மீ. ஆழமுள்ள ஒற்றைப் பலகையைப் பொருத்தி, படங்களைச் சாய்த்து வைப்பது நல்லது. படம் மாற மாறத் துளை போட வேண்டியிராது.

படி 5: பிரேமும் மவுண்ட்டும்

சிறிய படத்தைப் பெரிதாக்க மலிவான வழி மவுண்ட் அட்டைதான்: படத்துக்கும் பிரேமுக்கும் நடுவில் ஓரமாக வரும், நடுவில் சன்னல் வெட்டிய அட்டை. ஏ4 படத்தை ஏ3 பிரேமில் வைத்தால் பக்கங்களில் 4.3 செ.மீ., மேலும் கீழும் 6 செ.மீ.க்குச் சற்று அதிகமாக ஓரம் கிடைக்கும். அட்டையில் வெட்டும் சன்னல் படத்தைவிட நாலு பக்கமும் 4 மி.மீ. சிறியதாக, அதாவது 20.2 × 28.9 செ.மீ. அளவில் இருக்கட்டும். சரியாக ஏ4 அளவுக்கே வெட்டினால் படம் நழுவி விழும்.

மவுண்ட் அழகுக்கு மட்டுமல்ல. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று இடைவெளி தருவது அதுதான். இடைவெளி இல்லாவிட்டால் ஈரக்காலத்தில் புகைப்படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தெடுக்க முடியாது. அமிலம் இல்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். சாதா அட்டை மஞ்சளடித்து, படத்தின் ஓரத்தையும் மஞ்சளாக்கும்.

படத்தின் பின்பக்கம் முழுதும் பசை தடவாதீர்கள். காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாலு பக்கமும் இறுக ஒட்டியிருந்தால் விரிய இடமில்லாமல் நடுவில் அலை அலையாக மேலெழும். மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் அமிலம் இல்லாத காகித டேப்பால் ஒட்டித் தொங்கவிடுங்கள். பிரேமின் பின்பக்க இடுக்குகளைக் காகித டேப்பால் மூடிவிட்டால் தூசியும், காகிதம் தின்னும் பூச்சிகளும் உள்ளே போவது குறையும்.

எடை: 2 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ. 60 × 90 செ.மீ. பிரேமில் கண்ணாடி மட்டுமே 2.7 கிலோ. அதே கனத்தில் அக்ரிலிக் அதில் பாதிகூட வராது, ஆனால் எளிதில் கீறல் விழும். கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் கண்ணாடி போட்ட படம் வேண்டாம்; கேன்வாஸோ துணியோ போதும்.

படி 6: உயரம்

நிற்பவர்கள் பார்க்கும் இடத்தில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். கவனியுங்கள், மேல் விளிம்பு அல்ல, நடுப்புள்ளி. சோபாவுக்கு மேலென்றால் சாய்வின் உச்சிக்கும் பிரேமின் அடிக்கும் நடுவில் 15 முதல் 20 செ.மீ. விட்டால் போதும். இரண்டு விதியும் மோதினால் சோபா விதிக்கே முன்னுரிமை கொடுங்கள். படிக்கட்டில் ஒவ்வொரு படத்துக்கும் நேர்கீழே உள்ள படியிலிருந்து அளக்க வேண்டும்.

ஆணி எங்கே என்பதற்கு இந்தக் கணக்கு: 145 + பிரேம் உயரத்தில் பாதி − பிரேம் உச்சியிலிருந்து, பின்பக்கம் மாட்டுவதற்காகக் கட்டிய கம்பி வரை உள்ள தூரம். கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தத் தூரத்தை அளங்கள். கம்பி தொய்ந்திருக்கும்போது அளந்தால் கணக்கு தப்பும். 60 செ.மீ. உயரப் பிரேம், கம்பி 8 செ.மீ. கீழே என்றால் 145 + 30 − 8 = 167 செ.மீ. உயரத்தில் ஆணி.

பல படங்களின் தொகுப்பென்றால் முதலில் தரையில் பரப்பி அடுக்குங்கள். பெரியதைச் சரியான நடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி, எல்லா இடைவெளியும் 5 முதல் 7 செ.மீ.க்குள் ஒரே அளவாக இருக்கும்படி. பிரேம்கள் கலவையாக இருந்தால் ஏதாவது ஒன்று மட்டும் மாறாமல் இருக்கட்டும்: பிரேமின் நிறம், மவுண்ட்டின் அகலம், அல்லது எல்லாமே கறுப்பு-வெள்ளைப் படம். தொகுப்பு முழுவதன் நடுப்புள்ளிதான் 145.

படி 7: மாட்டுவது

துளை போடும் முன் ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள். அதற்கு நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் பக்கவாட்டில் மின்கம்பி ஓடலாம். அந்தக் கோடுகளில் டிரில் வைக்கக் கூடாது. குளியலறை, சமையலறைச் சுவரின் மறுபக்கம் குழாய் எங்கே போகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

செங்கல் சுவரில் மேல்பூச்சு ஒன்றரை செ.மீ. வரை இருக்கும், பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் உறை) அந்தப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பூச்சோடு நின்ற பிளக் ஒருநாள் காரையோடு சேர்ந்து பெயர்ந்து வரும். 6 மி.மீ. பிட், 5 செ.மீ. ஆழம், 6 மி.மீ. பிளக், 4 மி.மீ. தடிமன் ஸ்க்ரூ. ஆழம் தெரிய பிட்டில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். துளைக்குக் கீழே ஒரு காகித உறையைத் திறந்தபடி ஒட்டிவைத்தால் தூசி அதில் விழும். காங்கிரீட்டுக்கு சுத்தியலடி முறை உள்ள டிரில் வேண்டும். உள்ளீடற்ற கட்டிகளிலும் ஜிப்சம் போர்டிலும் சாதா பிளக் சுழன்றுகொண்டே இருக்கும், பிடிக்காது. உள்ளே போய் விரியும் வகை பிளக் வாங்குங்கள். ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் சட்டம் எங்கே என்று தெரிய, ஒரு காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டும்.

ஒட்டும் பட்டைகள் வழுவழுப்பான எமல்ஷன் சுவரில் நன்றாக நிற்கும். சுண்ணாம்பிலும் டிஸ்டெம்பரிலும் நிற்காது: பட்டை பூச்சை விடாமல் பிடிக்கும், பூச்சுதான் சுவரை விட்டுவிடும். புது பெயிண்ட் என்றால் குறைந்தது ஒரு வாரம் காத்திருங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் படத்தைத் தொங்கவிடுங்கள். உறையில் போட்டிருக்கும் எடையில் பாதியை வரம்பாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பின்பக்கக் கம்பியை விறைப்பாகக் கட்டாதீர்கள். ஒரே ஆணியில் தொங்கும் 4 கிலோ படத்தின் கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் 4 கிலோ இழுக்கும். 10 பாகைதான் என்றால் 11 கிலோவுக்கு மேல். கம்பி கட்டிய வளையங்கள் பிரேமிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். கம்பியைச் சற்றுத் தளர்வாகக் கட்டி, அதை அடுத்தடுத்து இரண்டு ஆணிகளில் மாட்டினால் படம் கோணாது. பிரேமின் கீழ்மூலைகள் இரண்டிலும் சிறு ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். படம் நகராது, பின்னால் காற்றும் போகும், சுவரில் கறுப்புக் கோடும் விழாது.

மாட்டி முடித்ததும் விளக்கைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் விளக்கு பளிச்சென்று தெரிந்தால், படத்தின் மேல் நேராக அடிக்காமல், செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்வில் மேலிருந்து ஒளி விழும்படி விளக்கைத் திருப்புங்கள். திருப்ப முடியாத விளக்கென்றால் பிரேமின் பின்பக்கம் மேல்மூலைகளில் ரப்பர் பொட்டு வைத்துத் தலைப்பக்கத்தை ஒரு செ.மீ. முன்னால் சாய்த்தாலே பளபளப்பு பார்வையிலிருந்து விலகிவிடும்.