தேடினால் கிடைக்கவேண்டும்: கம்பனிப் போர்ட்டலில் ஆவணங்களுக்குக் குறிச்சொல் இடும் முறை

யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் பழைய கோப்புகளைப் போர்ட்டலுக்கு ஏற்றினால், அவற்றில் ஒரு பகுதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். திறந்தால் திரையில் தமிழ் தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். தேடுபெட்டியில் 'வாடகை உடன்படிக்கை' என்று ஒருங்குறியில் (யுனிகோட்) அடித்தால் அந்தக் கோப்பு வராது. வெறும் படமாக ஸ்கான் செய்த காணி உறுதியும் வராது, கொழும்பிலிருந்து சிங்களத்தில் வந்த சுற்றுநிருபமும் வராது. பாமினிக் கோப்புகளை எல்லாம் ஒருங்குறிக்கு மாற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். மாற்றியில் போட்டால் நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாகிச் சிதைந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டும். இந்த மூன்று வகையையும் ஒரே தேடலில் எடுத்துத் தருவது கோப்பின்மேல் இடும் குறிச்சொல். கீழுள்ள படிகள் மைக்ரோசொஃப்ட்டின் ஷெயார்பொயின்ட் போர்ட்டலுக்கு எழுதியவை. வேறு போர்ட்டல் என்றாலும் பட்டியல் போடும் முறை இதுதான்.

பட்டியல் எங்கிருந்து வரும்

பிரிவுகளின் பெயர்களை வைத்துத் தொடங்க வேண்டாம். பிரிவுகள் இணையும், பிரியும், பெயர் மாறும். ஒவ்வொரு பிரிவிலும் அண்மையில் யாராவது தேடிய 30, 40 ஆவணங்களை எடுத்து, என்ன சொல்லிக் கேட்டார்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். 'சுன்னாகம் கிளையின்ரை போன வருச வாடகை உடன்படிக்கை' என்று ஒருவர் கேட்டால் அதில் இடம், ஆண்டு, பொருள், ஆவண வகை என்று நான்கு விடயங்கள் இருக்கின்றன. அந்த நான்கும் நான்கு நிரல்கள். பெரும்பாலான கந்தோர்களுக்கு இதற்குமேல் தேவைப்படாது.

அதிகம் பிழைக்கும் இடம் இது: 'வாடகை உடன்படிக்கை', 'சேவை உடன்படிக்கை', 'காப்புறுதி உடன்படிக்கை' என்று வகையையும் பொருளையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுகிறார்கள். 20 வகையும் 15 பொருளும் இருந்தால் ஒட்டியபடி 300 சொல் வரை போகும். பிரித்து வைத்தால் 35 சொல்லோடு முடியும், தேடுபவர் எந்தப் பக்கத்தாலும் வடிகட்டலாம்.

ஷெயார்பொயின்ட் ஒரு பட்டியலுக்குள் 7 மட்டம் வரை இடம் தரும். இரண்டு மட்டத்தோடு நிறுத்துங்கள். மூன்றாவதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் பொறுமை இருக்காது. 'நிதி' போன்ற தாய்ச்சொல்லைக் குறியிட முடியாதபடி அடைத்துவையுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் எல்லாம் 'நிதி'யில் போய் விழும்.

ஆண்டுக்குச் சாதாரண தெரிவு நிரல் போதும். ஆனால் இறைவரி ஆவணங்களின் மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். '2024' ஐயும் '2024/2025' ஐயும் ஒரே நிரலில் கலந்தால் வடிகட்டும்போது பாதி தவறும். மதிப்பீட்டாண்டுக்குத் தனி நிரல் வையுங்கள்.

ஒரு பெயர், பல அழைப்பு

ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு நிலைப்பெயர். மற்றவை எல்லாம் அதன் மாற்றுப்பெயர்கள். 'ஊழியர் சேமலாப நிதி' நிலைப்பெயர் என்றால் 'ஈபிஎஃப்', 'ஊ.சே.நி.' இரண்டையும் மாற்றுப்பெயராகச் சேருங்கள். குறியிடுபவர் 'ஈபிஎஃப்' என்று தட்டத் தொடங்கினாலே நிலைப்பெயர் பரிந்துரையாக வரும். இடப்பெயர்களில் இது மிக முக்கியம். ஊர்காவற்றுறையை 'ஊர்காவற்துறை' என்று எழுதுவோரும் உண்டு, ஆங்கிலத்தில் அதே இடம் 'கயிற்ஸ்'. பருத்தித்துறை 'பொயின்ற் பெட்றோ'. சிங்கள, ஆங்கில வடிவங்களை அந்தந்த எழுத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எழுத்துருவையும் கவனியுங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஷெயார்பொயின்டில் குறிச்சொற் பட்டியல்களை வைக்கும் இடமான டேர்ம் ஸ்டோரில் சொற்பெயருக்குள் அரைப்புள்ளி ஏற்கப்படாது. பல குறிச்சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் குறி அது. பழைய பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டும்போது சொல் துண்டாவது இதனால்தான். ஒருங்குறியிலும் ஒரு பொறி உண்டு: 'கொ'வை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் அரவும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு. எக்செல்லில் எழுத்துக்குறிகளை எண்ணும் லென் சூத்திரம் போட்டுப் பாருங்கள்: 'கொள்வனவு' 8 என்று வந்தால் சரி, 9 என்று வந்தால் திருத்துங்கள். 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்றுதல்

பட்டியலை எக்செல்லில் முடித்து சீஎஸ்வி ஆகச் சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8' என்று குறிப்பிட்டுள்ள சீஎஸ்வியைத் தெரிவுசெய்யுங்கள். வெறும் சீஎஸ்வியில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். இந்தக் கோப்பை ஏற்றுவது ஒருமுறைக்குத்தான். திரும்ப ஏற்றினால் பழையது புதுப்பிக்கப்படாது, இன்னொரு பட்டியல் உருவாகும். பிந்திய திருத்தங்களை டேர்ம் ஸ்டோரிலேயே செய்யுங்கள்.

பட்டியலை மூடிய நிலையில் வையுங்கள். திறந்துவிட்டால் எவரும் சொல் சேர்க்கலாம், ஒரு மாதத்தில் 'விலைக்கோரல்', 'விலைகோரல்', 'கொட்டேசன்' மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நிரல்களைத் தளத்தின் மட்டத்தில் உருவாக்கி அங்கிருந்து ஒவ்வொரு லைப்ரரிக்கும் (கோப்புகளை வைக்கும் பகுதி) சேருங்கள். லைப்ரரிக்கு ஒன்றாக உருவாக்கினால் பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுவது கடினம்.

கட்டாய நிரல் இரண்டுக்கு மேல் வேண்டாம்: ஆவண வகை, பொருள். நான்கையும் கட்டாயமாக்கினால் ஆட்கள் முதலில் தெரியும் சொல்லை அமத்திவிட்டுப் போவார்கள், அது வெறுமையைவிட மோசம். இடத்துக்கு போல்டர் ஒவ்வொன்றுக்கும் முன்னிருப்புப் பெறுமதி கொடுங்கள். 'நெல்லியடி' போல்டருக்குள் போடும் கோப்புக்கு 'நெல்லியடி' தானாகவே ஏறும். ஏற்கெனவே உள்ளே கிடக்கும் கோப்புகளுக்கு அது ஏறாது, அவற்றை நீங்களே குறியிட வேண்டும்.

பழையவை எல்லாவற்றையும் குறியிடப் போகாதீர்கள். நடைமுறையிலுள்ள உடன்படிக்கைகள், உறுதிகள், கடைசி இரண்டு ஆண்டுக் கணக்குகள் முதலில். ஒரே குறிச்சொல் வேண்டிய கோப்புகளை ஒன்றாகத் தெரிந்தெடுத்து விவரப் பலகத்தில் ஒரே தரத்தில் இடலாம். லைப்ரரி 5,000 கோப்பைத் தாண்டமுன் இந்த நிரல்களுக்குச் சுட்டி (இன்டெக்ஸ்) போட்டுவிடுங்கள், பிந்தினால் வடிகட்டும்போது வரம்பு மீறியதாகப் பிழைச்செய்தி வரும்.

நடத்துதல்

பட்டியலுக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'ஏனையவை' என்ற குறிச்சொல்லில் விழுந்தவற்றை அவர் பார்க்கவேண்டும். பத்தில் ஒன்றுக்கு மேல் அங்கே போனால் பட்டியலில் ஒரு சொல் குறைகிறது. வேண்டாத சொல்லை அழிக்காமல் பயன்பாட்டிலிருந்து விலக்குங்கள்: பழைய கோப்புகளில் அது நிற்கும், புதியவற்றுக்கு இட முடியாது. இரண்டு சொல்லை இணைத்தால் திரும்பப் பிரிக்க முடியாது, இன்னொருவரும் பார்த்த பிறகே செய்யுங்கள். பெயர் மாற்றத்துக்கு அவ்வளவு பயம் வேண்டாம், கோப்புகளில் அது சற்றுப் பிந்தித் தானாக மாறும்.

'இரகசியம்' என்ற குறிச்சொல் ஒரு கோப்பையும் பூட்டாது. சம்பளப் பட்டியலையும் ஊழியர் சுயவிவரக் கோவைகளையும் தனி லைப்ரரியில் வைத்து, யார் திறக்கலாம் என்ற அனுமதியை அங்கே கொடுங்கள்.